புகையில் நின்ற பேரிக்காய்

ஷம்மா இரண்டு காகிதத் துண்டுகளையும் மறுபடி முகர்ந்தாள். ஒன்றில் பாரிஸிலிருந்து வந்த விலையுயர்ந்த அத்தர். பேரிக்காய் வாசனை இப்போதுதான் நறுக்கியதுபோல் இருந்தது. மற்றொன்று ஷார்ஜாவில் தன் சிறு கடையில், அதைப் பார்த்து அவளே கலந்தது. அதில் பழம் பறந்து, வெறும் இனிப்பு மட்டும் மிச்சமிருந்தது.

பேரிக்காயைப் பிழிந்தால் சாறு வரும், வாசனை எண்ணெய் வராது. இரண்டு குப்பியிலும் இருப்பது ரசாயனக் கூடத்தின் கண்ணாடிக் குடுவையில் பிறந்த பழம்தான். அதன் துகள்கள் லேசானவை. பிடித்து வைக்கக் கனமான ஏதாவது வேண்டும். பாரிஸ்காரர்கள் அதற்குக் கொட்டிய செலவு அவளுக்குக் கட்டாது.

எதிரே வீட்டுக்காரி உம் சயீத் அமர்ந்திருந்தாள். மகளின் கல்யாணத்துக்கு வரும் பெண்கள் அனைவருக்கும் ஒரு குப்பி கொடுப்பதாக இருந்தாள். அந்த வேலை கிடைத்தால்தான் ஷம்மாவின் கடை நிற்கும்.

உம் சயீத் உள்ளே திரும்பி, "அகில் கொண்டாங்க!" என்றாள்.

ஷம்மாவுக்கு விளங்கிவிட்டது. அகில் புகை வந்தபின் விருந்தாளி உட்கார்ந்திருப்பது வழக்கமில்லை. எழுந்து கைப்பையை எடுத்தாள்.

"எங்கடி கெளம்பிட்ட?"

"அகில் கேட்டுட்டீங்களே, உம் சயீத்."

"அது எனக்குடி! நான் என்ன காகிதத்தையா உடுத்திக்கிறேன்? உக்காரு."

தணலில் அகில் துண்டு சீறியது. உம் சயீத் தன் கறுப்புத் துப்பட்டாவின் இரு முனைகளையும் புகையில் பிடித்தாள். ஒரு முனையில் பாரிஸ் அத்தரைத் தடவினாள், மறுமுனையில் ஷார்ஜாவினதை. பிறகு காப்பி வந்தது, பேரீச்சை வந்தது, மாப்பிள்ளை வீட்டுக் கதையெல்லாம் வந்தது.

"இப்ப மோந்து பாரு."

பாரிஸ் முனையில் பழத்துக்கடியில் ஒரு ரோஜா மெல்ல விரிந்திருந்தது. அந்த ஆழம் தன்னிடம் இல்லையென்று ஷம்மா ஒப்புக்கொண்டாள். மறுமுனையை முகர்ந்தவள் மறுபடியும் முகர்ந்தாள். பேரிக்காய்! போகவேயில்லை. நூலிழைகளில் படிந்த அகிலின் பிசின், பறக்க இருந்த பழத்தைக் கட்டிப்போட்டிருந்தது. ஊரே புகையிட்ட துணிமேல்தான் அத்தர் பூசுகிறது. அவளோ இத்தனை நாளும் வெறும் காகிதத்தில் சோதித்துக்கொண்டிருந்தாள்.

"பாரிஸ் என் பொண்ணுக்கு. உன்னுது வர்றவங்க எல்லாருக்கும். சரியா?"

ஷம்மா துப்பட்டாவை விடவில்லை. "இத நாளைக்கு வரைக்கும் தர்றீங்களா? எவ்வளவு நேரம் நிக்குதுன்னு பாக்கணும்."

"எடுத்துக்கோ. நல்ல பொண்ணுன்னு பேரு வாங்க தொவைச்சுக் கொண்டாந்துடாதே!"