பிரிசில்லா திட்டியது

மாதத்தின் முதல் ஞாயிறு நெருங்கினாலே பிரிசில்லா இப்போதெல்லாம் தப்பிக்கச் சாக்குத் தேடினாள். அன்றைக்குத்தான் சபையில் இராப்போஜனம், இயேசுவின் நினைவாக அப்பம் பகிர்ந்து உண்பது. அப்பத் துண்டுகள் வைத்த தட்டு முன்வரிசையில் தொடங்கிக் கைமாறிக் கைமாறிப் பின்வரிசை வரைக்கும் போகும். மனதில் பாவம் உறுத்துகிறவர்கள் எடுக்காமல் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட வேண்டும். யார் எடுத்தார், யார் எடுக்கவில்லை என்று யாரும் பார்ப்பதில்லை என்பது பேச்சு. கடலூர் முதுநகரின் அந்தத் தகரக் கூரைச் சபையில் எண்பது பேரும் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் பார்ப்பார்கள்.

போன இரண்டு மாதமும் எப்படியோ தப்பித்துவிட்டாள். ஒரு முறை தட்டு வருகிற நேரமாகப் பார்த்து பாத்ரூம் போனாள். அடுத்த முறை பின்னால் யாருடைய குழந்தையோ சிணுங்கியது, தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். இந்த மாதம் ஓட வழியில்லை. கணவன் விஜயகுமார் பிழைத்து வந்ததற்கு நன்றி ஆராதனை. குடும்பத்துக்கு முதல் வரிசையில் நாற்காலி. போதாக்குறைக்கு அவள் மைக்கைப் பிடித்து, கடவுள் செய்த நன்மைக்குச் சாட்சியும் சொல்ல வேண்டும்.

பொங்கல் கழிந்த வாரம் புதுச்சத்திரம் பக்கம் விஜயகுமாரின் பைக்கை லாரி ஒன்று தட்டிவிட்டுப் போனது. மண்டையில் அடி. சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கண் திறக்காமல் கிடந்தான். சபை கூடி ஜெபித்தது, உபவாசம் இருந்தது. பிரிசில்லாவும் முதல் இரண்டு நாள் முட்டி தேய ஜெபித்தாள். மூன்றாம் நாள் டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். அன்றோடு அவள் விட்டுவிட்டாள். ஐசியூ வாசலில் நின்றுகொண்டு வாய்விட்டே சொன்னாள்: “நீ இல்ல. இருந்தா இப்படிப் பண்ணுவியா? பத்து வருஷமா நான் செவுத்துகிட்ட பேசிகிட்டு இருந்திருக்கேன்.”

அதோடு போயிற்றா? துணைக்கு வந்து தங்கியிருந்த நாத்தனார் இளவரசி ஆறாம் நாள் கோயிலுக்குப் போய் விபூதிப் பொட்டலத்தோடு வந்தாள். அண்ணனும் அண்ணியும் ஞானஸ்நானம் எடுத்தபோது எடுக்காதவள் அவள். மற்ற நாளாயிருந்தால் அந்தப் பொட்டலத்துக்கே ஒரு சண்டை நடந்திருக்கும். அன்றைக்குப் பிரிசில்லாவே சொன்னாள்: “பூசு. யாராச்சும் ஒருத்தர் கேக்கட்டும்.”

ஒன்பதாம் நாள் விஜயகுமார் கண் திறந்து தண்ணீர் கேட்டான். சபைக்குத் தலைகால் புரியவில்லை. “சிஸ்டரோட விசுவாசம் காப்பாத்துச்சு” என்று பார்க்கிறவர்களெல்லாம் சொன்னார்கள். சொல்லச் சொல்ல அவளுக்கு உடம்பு கூசியது. இந்த நேரம் பார்த்துத் திடலில் ஒரு கன்வென்ஷன் கூட்டம். வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார், விசுவாசத்தை மறுதலித்தவனின் இரட்சிப்பு போனது போனதுதான், பரலோகத்தில் அவன் பெயரை அடித்துவிடுவார்கள் என்று முழங்கினார். பிரிசில்லா வீட்டுக்கு வந்து படுத்தவள் எழுந்திருக்கவில்லை. தனக்கு நரகம் என்பதைக்கூட அவளால் தாங்க முடிந்தது. விஜயகுமார் பரலோகம் போவான், இவள் போக மாட்டாள். இத்தனை பாடுபட்டுப் பிழைக்க வைத்த மனுஷனை அங்கே தனியாக விட வேண்டுமே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

பாஸ்டர் தேவநாதனுக்குப் போன் போட்டாள். “எனக்குத் தெரிஞ்ச ஒரு சிஸ்டர் கேட்டாங்க பாஸ்டர். சந்தேகப்பட்டு, கூடவே கொஞ்சம் பாவமும் பண்ணிட்டா இரட்சிப்பு போயிடுமா?”

தேவநாதன் அவளைவிட வயதில் சின்னவர், நல்ல மனுஷர். கேள்வி என்று ஒன்று கிடைத்துவிட்டால் மட்டும் லேசில் விடமாட்டார். முக்கால் மணி நேரம் பேசினார். போகாது என்கிறவர்களின் காரணம் ஏழு, போகும் என்கிறவர்களின் காரணம் எட்டு. போகும் என்பதற்கு ஒன்று ஜாஸ்தி என்பது மட்டும் அவள் மண்டையில் நின்றது. கடைசியில், “அந்த சிஸ்டர நேர்ல வரச் சொல்லுங்க” என்றார். “சொல்றேன் பாஸ்டர்” என்று வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. முதல் பஸ்ஸைப் பிடித்து சிதம்பரத்திலிருந்து இளவரசியும் வந்துவிட்டாள். தலை நிறையப் பூ, பெரிய பொட்டு, கை நிறைய வளையல். வெள்ளைப் புடவைகளுக்கு நடுவே அவள் ஒருத்தி மட்டும் கல்யாண வீட்டுக்கு வந்தவள்போல் இருந்தாள். பாஸ்டரம்மா அவளை அண்ணனுக்கும் அண்ணிக்கும் நடுவில் உட்கார வைத்து, “தட்டு வந்தா எடுக்க வேணாம்மா, அப்படியே கொடுத்துடுங்க” என்று காதில் சொல்லிவிட்டுப் போனார்.

சாட்சி நேரம். ஒப்பித்து வைத்த நாலு வரியைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம் என்றுதான் பிரிசில்லா எழுந்தாள். “ஸ்தோத்திரம்!” என்று கூட்டம் ஆர்ப்பரித்தது. பின்னாலிருந்து ஒரு குரல், “விசுவாச வீராங்கனை!” என்றது. அங்கேதான் உடைந்துபோனாள்.

“நான் விசுவாசிக்கல” என்றாள் மைக்கில். “நீங்கள்லாம் சாப்பிடாம ஜெபிச்சீங்க. நான் மூணாம் நாளே விட்டுட்டேன். நீ இல்லன்னு ஆண்டவர் மூஞ்சிக்கு நேரா சொன்னேன். திருநீறு பூசவும் சொன்னேன். எனக்கு இரட்சிப்பு போயிடுச்சு. என்னப் பாத்து யாரும் ஸ்தோத்திரம் சொல்லாதீங்க.”

தலையில் தழும்போடு விஜயகுமார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பாஸ்டர் எழுந்து தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலைக் கேட்டதும், மதியச் சாப்பாடு மூன்று மணிக்குத்தான் என்று சபைக்கு விளங்கிவிட்டது.

அவர் ஆரம்பிக்கும் முன்னால் இளவரசி எழுந்துவிட்டாள். “நான் ஒண்ணு சொல்லலாமா சார்?”

அந்தச் சபையில் அவரை அதுவரை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. அவர் தலையாட்டினார்.

“அண்ணி இல்லன்னு சொன்னது உண்மதான் சார். நான் கூடவே இருந்தேன். ஆனா சொல்லிட்டு நிறுத்துனாங்களான்னு கேளுங்க. காலைல கண்ணு முழிச்சா அவரத் திட்டு. இட்லியப் பிச்சிகிட்டே திட்டு. மாத்திர வாங்கப் போனா வழியெல்லாம் திட்டு. ‘நீ இல்ல, நீ இல்ல’ன்னு அவர்கிட்டயே சொல்லிகிட்டு இருந்தாங்க. இல்லாத ஆள யாராச்சும் இப்படி விடாம திட்டுவாங்களா? எங்க வூட்டுக்காரர் நாலு நாள் பேசலன்னா நானுந்தான் நீ மனுஷனே இல்லன்னு திட்டுவேன். வேணாம்னு ஆயிட்டா ஏன் திட்டப் போறேன்? பெட்டியத் தூக்கிகிட்டு எங்க அம்மா வூட்டுக்குப் போயிருக்க மாட்டேன்?”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“திருநீறு பூசுனது நான். பூசி முடிக்கலை, அண்ணி அந்தாண்ட திரும்பி, ‘பாத்தியா, உன்னாலதான் இதெல்லாம் பண்ண வேண்டியிருக்கு’ன்னு அதுக்கும் அவரையே திட்டுனாங்க!”

முதலில் வாய்விட்டுச் சிரித்தது விஜயகுமார். விபத்துக்குப் பிறகு அவன் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. பிறகு சபை மொத்தமும் சிரித்தது. பிரிசில்லாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. திட்டிய அத்தனை நாளும் அவள் யாரிடம் பேசிக்கொண்டிருந்தாள் என்று அவளுக்கே இப்போதுதான் தெரிந்தது.

“அந்த சிஸ்டர் இன்னைக்கு நேர்லயே வந்துட்டாங்க” என்றார் பாஸ்டர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. “நான் பதினஞ்சு காரணம் சொன்னேன், ஒண்ணும் பிரயோஜனம் இல்ல. சிஸ்டர், கைய விட்டது நீங்க. அவரு விடல. அவ்வளவுதான்.” உட்கார்ந்துவிட்டார். அவர் ஊழியத்திலேயே சின்னப் பிரசங்கம் அதுதான்.

தட்டு கிளம்பியது. விஜயகுமார் ஒரு துண்டை எடுத்துக்கொண்டான். இளவரசி தட்டை வாங்கி அண்ணி பக்கம் நீட்டினாள். பிரிசில்லா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“எடுங்க அண்ணி” என்று கிசுகிசுத்தாள் இளவரசி. “பின்னாடி எவ்ளோ பேரு காத்துகிட்டு இருக்காங்க.”

பிரிசில்லா எடுத்தாள். அன்றைக்கு யார் கண்ணும் மூடியிருக்கவில்லை, அவளுக்கு அது உறைக்கவும் இல்லை. அப்பத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். “ஒம்பது நாளு வாயத் தெறக்காம எங்க போயிருந்த?” என்று மனதுக்குள் ஆண்டவரை மறுபடியும் ஒரு பிடி பிடித்தாள். திட்டி முடித்துவிட்டு, நிம்மதியாகச் சாப்பிட்டாள்.