நான்கு பக்கமும் சந்தனம்

விஜயதசமியன்று காலையில் மாடிக்கு வந்த கலையரசியின் கண்ணில் முதலில் பட்டது, பெரிய திரையில் மிதந்துகொண்டிருந்த 'நோ சிக்னல்' என்ற எழுத்துதான். நல்ல நாளும் அதுவுமாக!

சபாபதியின் பட்டுக்கடை மாடியில் அவளுக்கு ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், இரண்டு திரை. தன் பக்கத்துச் சின்னத் திரையில் கட்டம் கட்டமாக அவள் டிசைன் போடுவாள். வாடிக்கையாளர் பக்கம் திருப்பி வைத்த பெரிய திரையில் அது முழுப் புடவையாக விரியும். பெண் வீட்டார் அதைப் பார்த்துத் தலையாட்டினால்தான் தறிக்குப் போகும். இன்று பதினோரு மணிக்குச் செய்யாற்றிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வருகிறார்கள். ஒன்பது புடவை. ஒன்பதும் மூன்று வாரமாகக் கண் பூத்துப்போக அவள் போட்டவை.

சபாபதி வந்தார், பார்த்தார், இடுப்பில் கை வைத்தார்.

"நேத்து இதத் தொடச்சது நீதான?"

"நான்தான் சார். ஆனா அப்ப நல்லா இருந்துச்சு."

"பதினோரு மணிக்குள்ள படம் வரணும். உன் கையாலதான் போச்சுன்னு தெரிஞ்சுது, நாளையிலேர்ந்து வெங்கடேசன் இங்க உக்காருவான். நீ கீழ போயி புடவ மடி."

வெங்கடேசன் அவருடைய அக்கா மகன். ஆறு மாதமாக அந்த நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வருகிறவன். ஒரு கோடு நேராகப் போடத் தெரியாது. ஆனால் மருமகன் ஆயிற்றே! கலையரசி வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிற முதல் ஆள் அவள்தான். அந்த நாற்காலியை இவனுக்கு விட்டுக்கொடுப்பதை நினைத்தாலே அவளுக்கு வயிறு எரிந்தது.

நேற்று ஆயுத பூஜை. காலையிலிருந்து ஒயர்களைக் கழற்றி, தூசி தட்டி, ஈரத்துணி படாமல் பார்த்துப் பார்த்துத் துடைத்து, பூஜைக்காகக் கழற்றியபடியே வைத்தவள் அவள். நாலு மணிக்குத் தட்டுகளெல்லாம் தயாரானதும் சபாபதி வழக்கம்போல வந்து சொன்னார்: "நீ கெளம்புமா. ஓரிக்கை பஸ்ஸு கூட்டமா இருக்கும்."

கீழே புடவை மடிக்கிற, அதே பஸ்ஸில் போகிற சங்கீதா பூஜைக்கு இருந்தாள். கலையரசியின் தெரு வேறு, சங்கீதாவின் தெரு வேறு. விஷயம் அவ்வளவுதான். நான்கு வருஷமாக ஆயுத பூஜையன்று மட்டும் அந்த பஸ்ஸில் கலையரசிக்கு மட்டும் கூட்டம்! பொரிப் பொட்டலத்தை வாசலிலேயே கையில் போட்டு அனுப்பினார்கள். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கிக்கொண்டு போனாள்.

இப்போது தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தாள். ஒயரைப் பிடுங்கி மாட்டினாள். வேறு ஒயர் போட்டாள். செட்டிங்ஸில் போய்த் திரையைத் தேடச் சொன்னாள்; ஒரு திரைதான் இருக்கிறது என்று அது சாதித்தது. அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். ஊஹூம். மணி ஒன்பதே முக்கால். ஷோயப்புக்குப் போன் போட்டாள்.

அந்தத் தெருவில் பத்துக் கடைக்கு கம்ப்யூட்டர் பார்க்கிறவன் ஷோயப். வந்ததும் பெரிய திரையைத் தன் லேப்டாப்பில் மாட்டினான். பளிச்சென்று படம் வந்தது.

"திரை மேல தப்பு இல்லமா. ஒயரும் நல்லா இருக்குது. அப்ப பொட்டியிலதான் கோளாறு."

பெட்டியைத் திருப்பிப் போட்டு, செல்போன் வெளிச்சத்தில் பெரிய திரையின் ஒயர் மாட்டுகிற ஓட்டைக்குள் குனிந்து பார்த்தான்.

"இன்னாமா இது, மஞ்சளா அடச்சிக்கினு இருக்குது?"

ஊசியால் மெல்லச் சுரண்டினான். டிஷ்யூ காகிதத்தில் உதிர்ந்ததைக் கலையரசி முகர்ந்து பார்த்தாள். சந்தனம்!

அவளுக்குப் புரிந்துவிட்டது. தறிக்கு நான்கு பக்கமும் சந்தனம் வைப்பது அந்த வீட்டு வழக்கம். கம்ப்யூட்டர் பெட்டிக்கும் நான்கு பக்கம்தானே! முன்னால், இரண்டு பக்கத்தில், பிறகு பின்னாலும் முதலாளி பக்தியோடு கட்டைவிரலை அழுத்தியிருக்கிறார். அழுத்திய இடம் ஓட்டை. வெங்கடேசன் அதன் மேலேயே ஒயரைச் சொருகியிருக்கிறான்.

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. காலையிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் இறங்கியது.

"பாய், இத அப்படியே அவருக்குக் காட்டிடுங்க. எனக்கு வேற ஒண்ணும் வாணாம்."

ஷோயப் ஸ்பிரிட் தொட்டு ஓட்டையைச் சுத்தம் செய்து, உலரவிட்டு, ஒயரை மாட்டினான். பெரிய திரையில் அரக்குப் புடவை ஒன்று விரிந்தது. டிஷ்யூவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"நான் காட்டுனா இன்னா ஆவும் தெரியுமாமா? 'பாய் நம்ம பூஜைய கொற சொல்றான்'னு ஆவும். சாயங்காலத்துக்குள்ள பத்துக் கடைக்கும் போயிடும். எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்குது."

"அப்ப நானு?"

அவன் குனிந்து ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தான்.

அதற்குள் சபாபதி படியேறி வந்துவிட்டார். பின்னால் வெங்கடேசன். "வந்துடுச்சா! இன்னாபா கோளாறு?"

"ஒயரு சரியா மாட்டல மொதலாளி. தொடைக்கறப்ப யாராவது இழுத்திருப்பாங்க."

யாராவதாம்! துடைத்தவள் ஒருத்திதான் என்று அவனுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். வெங்கடேசன் அதற்குள் நாற்காலியின் முதுகில் கை வைத்துவிட்டான். சபாபதி அவளை நோக்கித் திரும்பினார்.

"பாய்," என்றாள் கலையரசி. "பாக்கெட்டுல இருக்கறத எடுங்க. என் கையாலதான் போச்சுன்னு உங்களுக்குத் தோணுச்சுன்னா எடுக்காதீங்க."

ஷோயப் தரையைப் பார்த்தபடி நின்றான். பிறகு எடுத்து நீட்டினான். சபாபதி காகிதத்தைப் பிரித்தார், முகர்ந்தார். பெட்டியின் பக்கங்களில் காய்ந்திருந்த பொட்டுகளைப் பார்த்தார். அவர் முகம் சுருங்கியது. 'தப்பு என்னுதுதான்மா' என்று சொல்லிவிடுவார் என்று ஒரு கணம் அவள் நம்பினாள். பைத்தியக்காரி, நிஜமாகவே நம்பினாள்.

"சாமிக்கு வெச்ச சந்தனத்த யாரு நோண்டி எடுக்கச் சொன்னது?"

அவர் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"விஜயதசமியும் அதுவுமா! நல்லா சேந்தீங்க ரெண்டு பேரும்!"

"மொதலாளி, அந்த ஓட்டைக்குள்ள ஈரம் பட்டுதுன்னா..."

"நீ பேசாத. இனிமே நம்ம கடைக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்." அவளிடம் திரும்பினார். "சந்தனம் வெச்ச பொருள நீ தொட்டதே தப்பு. கீழ போ. வெங்கடேசா, சந்தனக் கிண்ணத்த எடுத்துனு வா. எடுத்த எடத்துலயே திரும்ப வெக்கணும்."

ஷோயப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் படியிறங்கினான். வெங்கடேசன் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒயரைப் பிடுங்கினான். சபாபதி சந்தனத்தைத் தண்ணீர் விட்டுக் குழைத்தார்.

'அந்த எடத்துல வாணாம் சார், கொஞ்சம் மேல வைங்க.' ஏழு வார்த்தைதான். கலையரசியின் தொண்டை வரைக்கும் வந்தது. நான்கு வருஷமாக அந்தக் கடைக்கு எது நல்லது என்று பார்த்துப் பார்த்துச் சொன்னவள் அவள். இன்று அதை விழுங்கிவிட்டாள். கட்டைவிரல் ஈரமாக உள்ளே அழுந்துவதையும், அதன் மேலேயே வெங்கடேசன் ஒயரைச் சொருகுவதையும் நின்று பார்த்தாள். பிறகு சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

படியில் செய்யாற்றுக்காரர்கள் எதிரே வந்தார்கள். பெண்ணின் அம்மா மூச்சு வாங்க நின்று கேட்டாள்: "டிசைன் காட்டறது மேலயாமா?"

"ஆமாங்க. போங்க, காத்துக்கினு இருக்காங்க."

புடவை மடிக்கும் பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர்களோடு உட்காராமல் நேரே வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினாள். மாடியிலிருந்து சபாபதியின் குரல் அலறியது.

"கலையரசி! ஏம்மா கலையரசி! படம் போயிடுச்சு, ஓடியா!"

அவள் படிக்கட்டுப் பக்கம் தலையைத் தூக்கினாள். கல்யாண வீட்டாருக்கும் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னாள்.

"நான் அதத் தொடலீங்க சார்."