சோள எண்ணெய்க்கு ஒரு நன்றி

"அப்போ நான் முழுங்கினது மீன் எண்ணெய் மாத்திரை இல்லையா?"

லிப்ட் மெக்கானிக் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருடமாகியும் தெருவில் அவருக்கு அதுதான் பெயர்.

ஆராய்ச்சி மையத்து நர்ஸ் உதட்டைப் பிதுக்கினாள். "இல்லைங்க ஐயா. பாதிப் பேருக்கு மீன் எண்ணெய், ஒப்பிட்டுப் பார்க்க மீதிப் பேருக்கு வெறும் சோள எண்ணெய். ஆய்வு முடியற வரைக்கும் யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது. உங்களுக்கு வந்தது சோளம்."

"வயசானவங்க தசைக்கு மீன் எண்ணெய் பலம் தருமான்னு பார்த்தீங்களே?"

"அது எல்லார் கணக்கையும் சேர்த்துப் பார்த்தாதான் தெரியும். அதை விடுங்க. உங்க கைப்பிடி இறுகியிருக்கு, நாற்காலியை விட்டு எழற வேகம் கூடியிருக்கு. வீட்டுல என்ன பண்ணீங்க?"

அவர் திருதிருவென்று விழித்தார். "பரீட்சைக்குத் தயார் பண்ணினேம்மா."

"என்ன பரீட்சை?"

"கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்து எழச் சொல்றீங்களே, அதுதான். பெயிலானா மாத்திரையை நிறுத்திடுவீங்கன்னு பயம். காலையிலயும் சாயங்காலமும் நானும் வீட்டுக்காரியும் பழகினோம்."

"வழக்கம்போல இருங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே ஐயா!" நர்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டாள். அடுத்த நொடி சிரித்துவிட்டாள்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. சாயங்காலம் மகள் வருகிறாள்.

மனைவிக்கு ஒரு பக்கம் வாதம். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு அவளைத் தூக்கி உட்காரவைப்பது அவர் பொறுப்பு. ஒருநாள் முழங்கால் மடங்கி, இரண்டு பேரும் தரையில் சரிந்து, பக்கத்து வீட்டுக்காரர் வரும்வரை அப்படியே கிடந்தார்கள். மகள் கறாராகச் சொல்லிவிட்டாள்: "அடுத்த தடவை நான் வரும்போது என் கண் முன்னால அம்மாவைத் தூக்கிக் காட்டுங்கப்பா. முடியலேன்னா பராமரிப்பு இல்லத்துல சேர்த்துடுவேன்."

அந்த மாத்திரையைத்தான் அவர் மலைபோல் நம்பியிருந்தார். இப்போது, கம்பிவடமே இல்லாத லிப்டில் இத்தனை மாடி ஏறிவிட்டதுபோல் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் கொட்டினார்.

"எனக்கு அப்பவே சந்தேகம்," என்றாள் அவள். "உங்க ஏப்பத்துல ஒருநாள்கூட மீன் வாடை இல்லை."

"அடிப்பாவி! ஏன் சொல்லலை?"

"சொன்னா பழகறதை விட்டுட்டு பேப்பரைப் பிரிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பீங்க."

அழைப்பு மணி அடித்தது. மகள் தோளில் மாட்டிய பையை இறக்கவில்லை. "தூக்குங்கப்பா. பார்க்கலாம்."

அவர் குனிந்தார். கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்த மனைவியின் முதுகைச் சுற்றிக் கை கொடுத்தார். மாத்திரையோ வெறும் சோளம். போச்சு. தொலைந்தது.

காதருகே மனைவியின் குரல், தினமும் பழகும்போது சொல்வதுபோலவே: "பாதத்தைப் பின்னால இழுங்க. மூக்கை முன்னால கொண்டாங்க. ம்ம்... எழும்புங்க."

எழுந்தார். கையில் கனமே இல்லை. கீழே பார்த்தார். மனைவியின் நல்ல கால் தரையில் ஆணியடித்ததுபோல் ஊன்றியிருந்தது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அவளும் அவரோடு சேர்ந்து தினமும் எழுந்து பார்த்த கால் அது. அவர் தூக்கவில்லை. சாயாமல் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான். மெல்லத் திரும்பி, அவள் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அம்மா! நீயா எழுந்த?"

"பரீட்சை உங்கப்பாவுக்கு. கூட உட்கார்ந்து படிச்சது நானாச்சே!"

மகள் பையைக் கீழே வைத்தாள். அப்பாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "இல்லமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நீங்க இரண்டு பேரும் இப்படியே இருங்க."

மெக்கானிக் போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் ஒதுங்கினார். மறுமுனையில் நர்ஸ்.

"ஐயா? உடம்புக்கு ஏதாவது...?"

"ஒண்ணுமில்லேம்மா." குரலைத் தாழ்த்தினார். "அந்தச் சோள எண்ணெய்க்கு ரொம்ப நன்றி. நீங்க பரீட்சை வைக்கலேன்னா நாங்க இரண்டு பேரும் எழுந்தே இருக்க மாட்டோம்."

"அது பரீட்சை இல்லைங்க ஐயா!"

"இருக்கட்டும்மா. நாங்க பாஸ்."