விலா எலும்புக்கு ஒரு மனு

ஆம்புலன்ஸில் வேலை பார்ப்பவளுக்கு யாரும் மாலை போடமாட்டார்கள் என்பது எனக்கு முதல் மாதமே தெரிந்துவிட்டது. ஆளை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கி டாக்டரிடம் ஒப்படைத்ததோடு எங்கள் உறவு முடிந்தது. பிழைத்தால் டாக்டர் கைராசி, போனால் ஆம்புலன்ஸ் லேட்டு. இதற்கெல்லாம் பழகிவிட்டேன். ஆனால் நான் பிழைக்க வைத்த மனிதரே கடலூருக்குப் பஸ் ஏறிப் போய், திங்கள்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் வரிசையில் நின்று, என் மீது கலெக்டரிடம் மனு கொடுப்பார் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை.

நெஞ்சு வலிக்கிறது என்று ஆம்புலன்ஸில் ஏறிய என்னை, அதில் இருந்த பெண் ஊழியர் நெஞ்சிலேயே கண்மூடித்தனமாக அமுக்கி இரண்டு விலா எலும்புகளை ஒடித்துவிட்டார். தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும். இப்படிக்கு, கொளஞ்சியப்பன், கீரப்பாளையம். மனுவில் இருந்தது இவ்வளவுதான்.

அவர் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. ஒடித்தது நான்தான்.

அது மாசி மாதத்து மத்தியானம். சிதம்பரத்திலிருந்து கீரப்பாளையத்துக்குப் போயிருந்தோம். எங்கள் வேலையில் டிரைவரைப் பைலட் என்பார்கள், விமானம் மட்டும்தான் இல்லை. எங்கள் பைலட் பாலகுமார் ஸ்ட்ரெச்சரை இறக்கப் போனபோது கொளஞ்சியப்பன் அவரைத் தடுத்துவிட்டார்.

"அதெல்லாம் எதுக்கு? நான் என்ன பொணமா?"

நடந்தே வந்து ஏறினார். அவர் மனைவி ஞானாம்பாள் ஒயர் கூடையோடு பின்னால் ஏறி உட்கார்ந்தார். மனிதருக்குச் சட்டை முழுக்க வியர்வை. எனக்கு அந்த வியர்வை பிடிக்கவில்லை. அவரோ பேச்சை நிறுத்தவில்லை.

"கேஸுதாம்மா. காலையில மொச்சக்கொட்ட ஜாஸ்தி தின்னுட்டேன். சீக்கிரம் காட்டிட்டு அனுப்பிவுடு. பொண்ணுக்கு வைகாசியில கல்யாணம். பந்தக்காரன் இன்னிக்குத்தான் வர்றேன்னு..."

அதற்கு மேல் பேச்சு வரவில்லை. கண் மேலே செருகியது. கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தேன். நாடி இல்லை.

"அண்ணே, ஓரங்கட்டுங்க!"

பயிற்சியில் எங்களுக்கு ஒரு பொம்மை கொடுத்திருந்தார்கள். சரியான ஆழத்துக்கு அமுக்கினால் 'க்ளிக்' என்று சத்தம் வரும். நிஜ ஆளுக்கும் சத்தம் வரும், அது எலும்பு ஒடிகிற சத்தம், அதற்காக நிறுத்திவிடாதே, ஒடிந்த எலும்பு ஒட்டிக்கொள்ளும், நின்ற இதயம் தானாக ஓடாது என்று சொல்லிச் சொல்லி எங்களைத் தயார் செய்திருந்தார்கள். எல்லாம் சரிதான். பொம்மைக்குப் பொண்டாட்டி கிடையாது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. நான் அமுக்க ஆரம்பித்ததும் ஞானாம்பாள் என் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார்.

"அய்யோ, அவர வுட்டுடு! கொன்னுடாதடி பாவி!"

தலையை அவர் இழுத்தும், கையை நான் எடுக்கவில்லை. எலும்பு போனது உள்ளங்கையில் தெரிந்தது. பாலகுமார் ஓடி வந்து அந்த அம்மாவை விலக்கி உட்கார வைத்துவிட்டு, மூச்சுக் கொடுக்கும் பையை வாங்கிக்கொண்டார். நான் மெஷினை ஒட்டி ஷாக் கொடுத்தேன். மறுபடி அமுக்கினேன். வெளியே உளுந்து வயல். யாரோ ஒருவர் டிவிஎஸ்ஸை நிறுத்தி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். திடீரென்று கொளஞ்சியப்பன் முனகினார். கண் திறந்தது. என்னைப் பார்த்தார்.

"ஏம்மா என்னப் போட்டு அடிக்கிற?"

நான் அழுதுவிட்டேன். இத்தனை வருடத்தில் என் கைக்கு அடியில் ஒருவர் திரும்பி வந்து பேசியது அதுதான் முதல்தடவை. மற்றவர்கள் யாரும் பேசவில்லை.

அந்த மனிதரின் மனுதான் பங்குனியில் என் தலையில் விழுந்தது. எங்கள் ஆம்புலன்ஸ் சேவையின் மாவட்ட அதிகாரி செந்தமிழ்செல்வன் சார் கடலூருக்குக் கூப்பிட்டு அனுப்பினார். ராத்திரி டியூட்டி முடித்த கையோடு போனேன். மேஜைக்கு முன்னால் நிற்கும்போதே கொட்டாவி வந்தது.

"உன் மேல தப்பு இல்லன்னு எனக்குத் தெரியும்மா. அவருக்கு இதயம் நின்னுபோச்சு, அதனாலதான் அமுக்குனோம்னு பதில் எழுதிடுறேன். நகல் தபால்ல அவர் வீட்டுக்கே போயிடும். அதோட முடிஞ்சுது."

முடிந்தது என்று பஸ்ஸில் வாய் பிளந்து தூங்கிக்கொண்டு வந்தேன். மறுநாள் காலை, சிதம்பரத்தில் நாங்கள் வண்டி நிறுத்தும் இடத்துக்கு ஞானாம்பாள் வந்து நின்றார்.

"மனுவுக்குப் பதில் தபால்ல வீட்டுக்கே வருமாமே. அத அனுப்ப வேணாம்னு சொல்லும்மா."

எனக்குப் புரியவில்லை. அவர்தான் விளக்கினார். லேசான அட்டாக் என்றுதான் கொளஞ்சியப்பனிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். இதயம் நின்று போனதை, வண்டியில் என்ன நடந்தது என்பதை, ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை. டாக்டரிடமும் கெஞ்சிச் சொல்ல விடாமல் செய்துவிட்டார் ஞானாம்பாள். எலும்பு ஏன் வலிக்கிறது என்று அவர் கேட்டபோது, அந்தப் பெண் அமுக்கினாள் என்று மட்டும் இந்த அம்மா வாயில் வந்திருக்கிறது. உளுந்து விலை விசாரிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு கொளஞ்சியப்பன் நேரே கலெக்டர் ஆபீஸுக்குப் போய்விட்டார்.

"மாடு ஒண்ணு பாம்பு கடிச்சு செத்ததுக்கே ரெண்டு நாளு சோறு எறங்காம கெடந்த மனுசன்மா அவுரு. செத்துப் பொழச்சோம்னு தெரிஞ்சா அந்தப் பயத்துலயே போயிடுவாரு. பொண்ணு கல்யாணம் முடியட்டும். அப்பறம் நானே பதமா சொல்லிக்கிறேன்."

எனக்குக் கோபம்தான் வந்தது. தூக்கம் கெட்டவளுக்கு இரக்கம் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

"அவுரு பயப்படாம இருக்க நான் கெட்ட பேரு வாங்கணுமாம்மா?"

அவர் தன் கையைப் பார்த்தார். "உன் முடியப் புடிச்சு இழுத்தனே... இந்தக் கைதான். இந்தக் கையாலயே கும்புட்டுக் கேக்குறேன்."

கும்பிட்டே விட்டார், ஆட்டோக்காரர்கள் எல்லாரும் பார்க்க. வயதில் பெரியவர் கும்பிட்டால் அதற்கு மேல் எங்கே கோபப்படுவது? சாருக்குப் போன் செய்தேன்.

"பதில் அனுப்பலன்னா விசாரணைன்னு வச்சாகணும்" என்றார் அவர். "விசாரணை முடியிற வரைக்கும் உன்னை இதே வண்டியில விட முடியாது. திட்டக்குடி வண்டிக்கு ஆள் கேக்குறாங்க, அங்கதான் போடணும். இல்ல, அவரே மனுவ வாபஸ் வாங்கணும். வெள்ளிக்கிழமை வரைக்கும் நிறுத்தி வைக்கிறேன்."

திட்டக்குடி என்றால் விருத்தாசலத்தில் பஸ் மாற வேண்டும். என் கணவர் இருப்பது திருப்பூரில். ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகனைக் காலையில் எழுப்பிக் குளிப்பாட்டி அனுப்ப நான்தான் இருக்கிறேன். இப்போதே அவன் என்னைப் பாதிநாள் தூங்குகிறவளாகத்தான் பார்க்கிறான். திட்டக்குடிக்குப் போனால் அதுவும் இல்லை.

டியூட்டி முடிந்த ஒரு காலையில் பாலகுமாரின் பைக்கில் கீரப்பாளையம் போனேன். மன்னிப்புக் கேட்டு வாபஸ் வாங்க வைப்பது என்று முடிவு. பாலகுமாருக்கு அது துளியும் பிடிக்கவில்லை.

"எதுக்கு மன்னிப்பு? அந்தாளு இப்ப மூச்சு வுடுறதே உன்னாலதான்."

"நீங்க வாயத் தொறக்காம இருந்தாப் போதும்ணே."

வாசலில் உளுந்து காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்திலேயே பிளாஸ்டிக் நாற்காலியில், விலாவை ஒரு கையால் அணைத்தபடி கொளஞ்சியப்பன் உட்கார்ந்திருந்தார். இளைத்துப் போயிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார். கதவோரம் ஞானாம்பாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

"வாம்மா. நீதான?"

"நான்தாங்க ஐயா. இளமதி. அன்னிக்குக் கொஞ்சம் பலமா அமுக்கிட்டேன். தப்புதான். மன்னிச்சுக்குங்க."

"தப்புன்னு ஒத்துக்கிறியா?"

"ஒத்துக்குறேன் ஐயா."

பின்னால் பாலகுமார் காறித் துப்பாத குறைதான். விருட்டென்று தெருவுக்குப் போய்விட்டார். கொளஞ்சியப்பன் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கதவுப் பக்கம் திரும்பினார்.

"டீ போட்டு எடுத்தா. நல்லா கொதிக்க வச்சு எடுத்தா."

ஞானாம்பாள் என்னைப் பார்த்துக் கண்ணால் ஒருமுறை கெஞ்சிவிட்டு உள்ளே போனார். அடுப்பு பற்றவைக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் கொளஞ்சியப்பன் வாய் திறந்தார்.

"தப்பு பண்ணவ எவளாவது இப்புடி ஒரே பேச்சுல ஒத்துக்குவாளா? நான் ஒத்துக்குவனா? என் பொண்டாட்டி இந்த ஜென்மத்துல ஒத்துக்குவாளா?"

நான் உளுந்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"டாக்டரக் கேட்டா சிரிக்கிறாரு. பொண்ணக் கேட்டா உள்ள போயி அழுவுறா. இவ என்னடான்னா ஒரு மாசமா எனக்குப் புடிச்ச கொழம்பாவே வக்கிறா. கல்யாணம் ஆனதுலேருந்து இப்புடி வச்சதில்ல. எனக்கு என்னமோ ஆயிருக்குன்னு தெரியாதா? நான் என்ன கொழந்தையா? வண்டியில இருந்தது நீதான். உன்ன எங்க புடிக்கிறது? ஒரு மனு போட்டா உன்ன விசாரிக்க வரவழைப்பாங்க, பாத்துக் கேட்டுடலாம்னுதான் போட்டேன்."

களைப்பெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வாய்க்கு வந்தது.

"உங்களுக்குக் கேக்கணும்னா என்னை எதுக்கு ஐயா திட்டக்குடிக்குத் தொரத்துறீங்க? எனக்குச் சின்னப் பையன் இருக்கான். தூக்கம் இல்லாம, சோறு இல்லாம கெடந்து சாவுறோம். நன்றி வேணாம். ஒரு மனு போடாம இருந்திருக்கலாமில்ல?"

அவர் பதறிப்போனார். எழுந்திருக்கப் பார்த்து, விலா வலித்து, மறுபடி உட்கார்ந்தார்.

"அய்யய்யோ, தொரத்துவாங்களா? அது எனக்குத் தெரியாதும்மா. இன்னிக்கே வாபஸ் எழுதித் தர்றேன். இந்தப் பாவம் எனக்கு எதுக்கு?"

நான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். வேலை முடிந்தது, கிளம்பலாம் என்று நினைத்தேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அன்னிக்கு என்ன ஆச்சுன்னு நான் உன்னக் கேக்கல. அவ உன்கிட்ட சத்தியம் வாங்கியிருப்பா, எனக்குத் தெரியும். ஒண்ணே ஒண்ணு சொல்லு. மாப்ள வூட்டுல கல்யாணத்த ஆவணிக்குத் தள்ளிக்கலாம்னு சொல்றாங்க. எனக்கு ஒடம்பு தேறணுமாம். தள்ளலாமா?"

இந்த மாதிரிக் கேள்விக்கு எந்தப் பயிற்சியிலும் பதில் சொல்லித் தரவில்லை. நான் டாக்டர் இல்லை. இதயம் நின்று திரும்பியவர்கள் பேரன் பேத்தி எடுத்து, வயலுக்குப் போய்க்கொண்டு நன்றாக இருப்பதையும் கேள்விப்பட்டிருக்கிறேன். ஏற்றிக்கொண்டு போய்ப் பிழைத்த வீட்டுக்கே அடுத்த மாதம் மறுபடி போனதும் உண்டு. ஆவணி வரைக்கும் இருப்பார் என்று சொல்ல நான் யார், இருக்கமாட்டார் என்று சொல்லத்தான் நான் யார்? ஆனால் அந்த மனிதர் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் இன்னொரு பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"வைகாசியிலயே வச்சிடுங்க ஐயா."

அவர் விலாவில் இருந்த கை மெல்ல நடுநெஞ்சுக்கு வந்து, அங்கேயே நின்றது. தெருவில் ஒரு நெல் லாரி போய் முடியும் வரை அப்படியே இருந்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"சரிம்மா."

ஞானாம்பாள் டீயோடு வந்தார். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மனுவ வாபஸ் வாங்கிடுறேன்னு சொல்லிட்டேன்" என்றார் கொளஞ்சியப்பன். "அப்பறம், மாப்ள வூட்டுக்குப் போனப் போடு. கல்யாணம் வைகாசியிலதான். தள்ளுற பேச்சே வேணாம்."

ஞானாம்பாள் டம்ளரை நீட்டாமல் அப்படியே நின்றார். அவர் என்னைப் பார்த்தார். நான் எதையும் சொல்லவில்லை என்று சூடம் ஏற்றிச் சத்தியம் செய்யலாம். அது பொய்யும் ஆகாது. ஆனால் அவர் கண்ணைப் பார்க்க என்னால் முடியவில்லை. டீயை வாங்கிக் குடித்தேன்.

"என்னா முழிக்கிற?" என்று கொளஞ்சியப்பன் மனைவியை அதட்டினார். "ஆவணி வரைக்கும் உன் பொண்ணுக்குச் சோறு போட என்னால ஆவாது. அவ திங்கிற சோத்துக்கு இன்னும் ரெண்டு ஏக்கர் வேணும்."

ஞானாம்பாளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். புகை என்று யாரிடமோ சொன்னார். அந்த வீட்டில் கேஸ் அடுப்பு.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினேன். தெருவில் பாலகுமார் பைக்கில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து கொளஞ்சியப்பன் கூப்பிட்டார்.

"யம்மா இளமதி! கல்யாணத்துக்கு வந்துடு. பத்திரிகை எல்லாம் எதிர்பாக்காத, இப்பயே சொல்லிட்டேன். வண்டிய மட்டும் எடுத்துக்கிட்டு வந்துடாத."

"லீவு கெடச்சா வர்றேன் ஐயா" என்றேன்.