நினைவுக் குறிப்பில் மூன்று பெயர்கள்

“திருத்திக் குடுத்ததே நீதானே அக்கா? இப்ப வந்து கத்துனா எப்படி?”

“நான் திருத்துனதுல என் பேர் இருந்துச்சுடா.”

ஹ்யால்மர் காபிக் குவளைக்குள் பார்த்துக்கொண்டான். நாளைக்குச் செய்தித்தாளில் வரவேண்டிய நினைவுக் குறிப்பு மேசைமேல் கிடந்தது. போன வாரம் இறந்துபோன தம்பி ஓக்முண்டுரின் படம், அதன் கீழே பெற்றோர் பெயர், பிறகு ‘சிஸ்ட்கின்’. அண்ணன், தம்பி, அக்கா, தங்கை எல்லாருக்கும் ஐஸ்லாந்தில் அந்த ஒரு சொல்தான். அதை அடுத்து மூன்று பெயர்கள். எதிரே நின்ற அக்கா ஸ்டெய்ன்வோரின் பெயர் இல்லை.

இரண்டு வயதில் இந்த வீட்டுக்கு வளர்ப்புப் பிள்ளையாக வந்தவள் அவள். பிறகு முப்பது வருடம் தலைநகரில் அகராதி வேலை. சிஸ்ட்கின் என்ற சொல் அக்கா தங்கையைக் குறிக்கும் சொல்லிலிருந்து முளைத்தது, ஜெர்மன்காரர்களின் சொல்லும் அப்படித்தான், ஆண்பிள்ளைகள் பின்னால் வந்து அதில் ஒதுங்கிக்கொண்டவர்கள் என்று ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில் சொன்னாள். “அப்ப நாங்கெல்லாம் அக்கா வீட்ல குடியிருக்கோமா?” என்று ஓக்முண்டுர் சிரித்த சிரிப்பில் உருளைக்கிழங்கு புரையேறியது. ஆங்கிலேயரின் ‘சிப்ளிங்’ என்ற சொல் ஒரு காலத்தில் சொந்தக்காரர் எல்லாருக்கும் பொதுவாக இருந்தது என்றும் சொன்னாள். “நல்ல மனசுக்காரங்க” என்றான் அவன்.

“சித்தப்பா பசங்க வம்சப் பதிவேட்டுல தேடிப் பார்த்தாங்க அக்கா,” என்றான் ஹ்யால்மர். “உனக்கும் எங்களுக்கும் ஏழு தலைமுறைக்கு முன்னாடிதான் ஒரே தாத்தா வர்றாராம். அச்சுல தப்பு வரக் கூடாதுன்னாங்க.”

“இந்தத் தீவுல பஸ் ஓட்டுறவன்கூட உனக்கு ஏழாவது தலைமுறையில சொந்தம்தான். உன் மூக்க யாருடா துடைச்சு விட்டா? பஸ்காரனா?”

“நான் உன் பேர எடுக்க வேணாம்னுதான் சொன்னேன்…”

“யார்கிட்ட சொன்ன? என்கிட்ட சொன்னியா? காற்புள்ளி போட மட்டும் அக்கா வேணும்.”

அவன் இப்போதுவரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறான். அதுதான் அவளைக் குத்தியது. வெளியே கடற்கழி மேல் பனித்தூறல் சாய்ந்து விழுந்தது. சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருந்தது. செய்தித்தாளில் பன்னிரண்டோடு பக்கத்தை மூடிவிடுவார்கள்.

அவள் தொலைபேசியை எடுத்து அவன் பக்கம் நகர்த்தினாள்.

“நீயே பேசு, ஹ்யால்மர். என் பேர நீயே சொல்லு.”