வீட்டைப் பார்த்த சிலுவை

உணவு பிடிக்காத நாளில் கரண்டியைத் தட்டின்மேல் கவிழ்த்து வைப்பது உர்மாசின் வழக்கம். கரண்டி கவிழ்ந்ததும் அவன் மனைவி ஹெல்வே எழுந்து சன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்துவாள். பின்னர் நடப்பது வெளியே கேட்கலாகாது.

அந்த உர்மாசைச் சென்ற குளிர்காலத்தில் புதைத்தாயிற்று. ஆயினும் இன்று காலை, நேற்று இறந்தோர்க்குப் படைத்த மேசையில், ஒரு கரண்டி கவிழ்ந்து கிடந்தது.

நவம்பர் மாதம் வடக்கே குளிர் மிகுந்த வோரு நாட்டில் இறந்தோரின் உயிர்கள் வீடு திரும்பும் காலம். ஊரில் பாதிப்பேர் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள், சிரித்துக்கொண்டே படைப்பார்கள். ஹெல்வே அவித்த பட்டாணியும் வாற்கோதுமைக் கூழும் கறுப்பு ரொட்டியும் வைத்தாள். தீயது தொடாதிருக்க ஐந்து முனை நட்சத்திரம் கீறிய மரக்குவளையில் பீர் ஊற்றினாள். தாய், தந்தை, மாமனார், மாமியார் எனப் பெயர் சொல்லி அழைத்தாள். உர்மாசின் பெயரை மட்டும் நாவில் எடுக்கவில்லை. பின்னர் கதவைத் திறந்து, "உண்டீர்கள், குடித்தீர்கள், வந்த வழியே போய்வாருங்கள்" என்று முறைப்படி விடைகொடுத்தாள்.

எல்லோரும் போயிருக்க வேண்டும். ஆனால் கரண்டி கவிழ்ந்திருந்தது. கணப்படுப்பின் அருகைவிட்டு அகலாத நாய் முரி, முற்றத்துப் பனியில் உடல் நடுங்கப் படுத்துக்கொண்டு, எவ்வளவு அழைத்தும் உள்ளே வர மறுத்தது.

அவன் வர முடியாதே என்று அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். வழியில் சிலுவை மரம் இருக்கிறதே.

சவப்பெட்டி இடுகாட்டுக்குப் போகும் வழியில் வண்டியை நிறுத்தி, உயிருள்ள பைன் மரமொன்றில் இறந்தவனின் உறவினன் சிலுவை வெட்டுவான். தேவாலயம் இந்த மண்ணுக்கு வருமுன்பே இருந்த வழக்கம் அது என்பார்கள். வீட்டு நினைவில் எழுந்து நடந்துவரும் உயிர் அந்தச் சிலுவையைக் காணும். தான் இறந்ததை உணரும். வந்த வழியே திரும்பும். உர்மாசுக்கு அதை வெட்டியவன் அவன் தம்பி தார்மோ. கடைக்குப் போகும்போதெல்லாம் ஹெல்வே அதை எதிரே கண்டு நெஞ்சாறுவாள். அவன் அப்பால், நான் இப்பால். அந்த ஒரு நினைப்பில்தான் இத்தனை மாதமாகச் சன்னல்களைத் திறந்து வைத்து வாழ்ந்தாள்.

மேலங்கியை மாட்டிக்கொண்டு விரைந்தாள். முரி சற்றுத் தள்ளியே பின்தொடர்ந்தது. சாலையோரம் தனித்து நின்ற பைன் மரத்தில், கண்ணுக்கு நேரே, மஞ்சள் பிசின் கசிந்து உறைந்த சிலுவை அப்படியே இருந்தது. நிம்மதியாக மூச்சு விட்டவள் அந்த மூச்சின் பாதியிலேயே உறைந்து போனாள்.

வீட்டிலிருந்து வரும் என் கண்ணுக்கு இது தெரிகிறது. இடுகாட்டிலிருந்து வருகிறவனுக்கு?

மரத்தைச் சுற்றி மறுபுறம் போனாள். வேர் முதல் கிளை வரை பட்டையில் ஒரு கீறலும் இல்லை.

இடுகாட்டுப் பக்கமிருந்து டிராக்டர் ஒன்று வந்து நின்றது. தார்மோ தலையை நீட்டினான்.

"என்ன அண்ணி, மரத்தையே சுத்திச் சுத்தி வர்றீங்க? கட்டிக்கப் போறீங்களா?"

"சிலுவைய ஏன்டா இந்தப் பக்கம் வெட்டின?"

"அந்தப் பக்கம் பனி இடுப்பு வரைக்கும் கெடந்துச்சு. எனக்கும் ரெண்டு கிளாஸ் வோட்கா உள்ள போயிருந்துச்சு. மரம் ஒண்ணுதானே, எந்தப் பக்கமா இருந்தா என்ன?"

"வர்றவன் கண்ணுல படணும்ல? இது என் வீட்டையில்ல பாத்துக்கிட்டு நிக்குது! அவன் தடையில்லாம உள்ள வந்துட்டான். திரும்பிப் போகலாம்னா இப்ப இது மறிக்குது. அவனை என்கூட வச்சுப் பூட்டிட்டியேடா!"

தார்மோவின் சிரிப்பு பாதியில் நின்றது. "அண்ணனுக்கு உங்க மேல அவ்ளோ பாசம்னு நெனச்சுக்குங்க" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். அந்த வீட்டில் சன்னல்கள் ஏன் சாத்தப்பட்டன என்பதை அறிந்தவன் அவன்.

"எறங்கு. இதைச் செதுக்கி எடு. அந்தப் பக்கம் புதுசா ஒண்ணு வெட்டு."

"ஐயோ, நான் மாட்டேன். சிலுவை மரத்தைக் கெடுத்தவன் வருசம் திரும்பறதுக்குள்ள போயிடுவான்."

"இதெல்லாம் கதைன்னு கடையில உக்காந்து பேசினியே?"

"பேச்சு வேற, பயம் வேற அண்ணி. வேணும்னா கோடரிய வச்சிட்டுப் போறேன்."

"உன் வீடு இடுகாட்டுப் பக்கம்தான் இருக்கு. நடுவுல நின்ன மரத்தையெல்லாம் நீயே வெட்டிப்புட்ட. கொஞ்சம் யோசிச்சுப் பாரு."

"என் வீட்டுக்கு யாரு வரப் போறா? ஒத்தைக்கட்டை. வந்தா சூப்புதான்." கோடரியைப் பனியில் எறிந்துவிட்டு வண்டியைத் திருப்பினான்.

பிற்பகல் தேயுமுன்பே வெளிச்சம் சாம்பலாய் மங்கத் தொடங்கியிருந்தது. வீட்டுக்குத் திரும்பினால் அவன் இருக்கிறான். மரத்தைத் தொட்டால் சாவு. இரண்டையும் எண்ணிப் பார்த்தவளுக்கு இரண்டாவது எளிதாகத் தோன்றியது. கோடரியை எடுத்தாள்.

சில்லுகள் உதிர்ந்தன. பிசின் மணம் குளிரில் கூர்மையாய் எழுந்தது. சிலுவையின் கடைசிக் கோடும் பட்டையோடு பெயர்ந்து விழுந்த கணத்தில், முரி வயிறு பனியில் படத் தாழ்ந்தது. அதன் தலை வீட்டுப் பக்கமிருந்து இடுகாட்டுப் பக்கமாக மெல்ல மெல்லத் திரும்பியது, யாரோ கடந்து போவதைப் பார்ப்பதுபோல. ஹெல்வேயின் பிடரியை ஒட்டி வறண்ட இருமல் ஒன்று கேட்டது. உர்மாசின் அதே இருமல். அவள் திரும்பவில்லை. மூச்சும் விடவில்லை.

நாயின் தலை நின்றதும் மறுபுறம் ஓடி, பச்சைப் பட்டையில் நெடுக்காகவும் குறுக்காகவும் வெட்டினாள். கோணலான சிலுவைதான், ஆனால் இம்முறை இடுகாட்டைப் பார்த்தது.

"உண்டாய், குடித்தாய், போய்விடு" என்றாள். அவன் பெயரை அப்போதும் சொல்லவில்லை.

வீட்டை அடைந்ததும் முரி அவளுக்கு முன்னே ஓடிக் கணப்படுப்பின் அருகில் சுருண்டது. ஹெல்வே கவிழ்ந்த கரண்டியைக் கழுவி, நிமிர்த்தி வைத்தாள். வெந்நீர் ஊற்றிக் காப்பி கலந்தாள். முதல் வாய் குடிக்குமுன் கைபேசி ஒலித்தது.

"அண்ணி..." தார்மோவின் குரல் தாழ்ந்திருந்தது. "நீங்க எங்க வீட்டுக்கு வந்தீங்களா?"

"இல்லையே. ஏன்?"

"சூப்ப மேசைமேல வச்சிட்டுக் கை கழுவப் போனேன். வந்து பாத்தா தட்டு காலி."

அவள் கோப்பையை மேசையில் வைத்தாள். "கரண்டி?"

"கவுந்து கெடக்கு. அண்ணி, சாமி சத்தியமா நான் தொடல. அந்தக் கோடரிய எடுத்துட்டு ஓடியாங்க. எங்க வாசல்லயும் ஒரு சிலுவைய..."

"எந்த மரத்துல வெட்டச் சொல்ற, தார்மோ?"

அவன் வீட்டிலிருந்து இடுகாட்டு மதில் வரை, உழுத வெற்று நிலமும் அடிமரக் கட்டைகளுமே கிடந்தன.

அப்போது கைபேசியின் மறுமுனையில், மரச்சட்டம் உராயும் ஓசை கேட்டது. பின் தாழ்ப்பாள் விழும் ஓசை. சற்று நேரத்தில் மீண்டும் ஒருமுறை.

"சன்னல நீயா சாத்தற?" என்றாள்.

"இல்ல அண்ணி. நான் கதவுகிட்ட நிக்கிறேன். கதவு தெறக்க மாட்டேங்குது."

அடுத்த சன்னல் சாத்தப்பட்டது. கடைசிச் சன்னலுக்கும் முதல் அடிக்கும் இடையே எவ்வளவு நேரம் இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு ஹெல்வே தன்னை அறியாமல் எழுந்தாள். எழுந்து, தன் வீட்டுச் சன்னல்களையும் ஒவ்வொன்றாகச் சாத்தத் தொடங்கினாள்.