பட்டன் போன்காரர்கள்

வனினாவும் ஹெர்மானும் சேர்ந்து எழுதிய செயலியை மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு பேர் வைத்திருந்தார்கள். அத்தனை பேரும் கண் தெரியாதவர்கள். ரொசாரியோ நகரில் எந்த பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டும் போனில் ஐந்தாம் எண்ணை அழுத்தினால், எந்த எண் பஸ் எத்தனை நிமிடத்தில் வரும் என்று ஒரு பெண் குரல் சொல்லும். ஏறி உட்கார்ந்தபின் மறுபடி அழுத்தினால், இறங்க வேண்டிய இடம் வரும்போது கூப்பிட்டுச் சொல்லும். அவ்வளவுதான் அதன் வேலை. ஐந்தாம் எண்ணின்மேல் விரலுக்குத் தட்டுப்படுகிற சின்னப் புள்ளி ஒன்று இருக்கிறதே, முழுச் செயலியும் அதை நம்பித்தான் நின்றது.

அதை முதன்முதலில் போனில் ஏற்றிக்கொண்டவர் ஒராசியோ. ஐம்பத்து மூன்று வயது. ஒரு பெரிய மருத்துவமனையில் டெலிபோன் ஆபரேட்டர். பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. தங்கை நெலீதாவோடு நகரின் தெற்கே குடியிருந்தார். செவ்வாய்க்கிழமை தோறும் வேலை முடிந்து நேராக வனினாவும் ஹெர்மானும் வேலை செய்யும் அறைக்கு வந்துவிடுவார். வனினா மாத்தே டீ ஊற்றித் தர, அதை உறிஞ்சியபடி அந்த வாரம் செயலி எங்கெங்கே தப்பாகப் பேசியது என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். ஹெர்மானை அவருக்குப் பிடிக்கும், அதனாலேயே விடாமல் சீண்டுவார். கண் இருப்பவன் எழுதினால் இப்படித்தான் இருக்கும் என்பார். வனினாவை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. முதல் நாள் கை குலுக்கும்போது மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு "ஒல்லி" என்றார். அதன்பின் அவள் ஒல்லிதான்.

இரண்டாயிரத்துப் பதின்மூன்று அக்டோபரில் அந்த போன்களைத் தயாரித்த நிறுவனம் ஓர் அறிவிப்பு அனுப்பியது. ஜனவரி முதல் நாளிலிருந்து பட்டன் போன்களுக்கான இணையக் கடையில் புதுச் செயலி எதையும் ஏற்க மாட்டார்கள். இருக்கிற செயலியில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. ஏற்றியது ஏற்றியபடி ஓடலாம், அவ்வளவுதான்.

இது வரும் என்று இருவருக்கும் தெரியும். இவ்வளவு சீக்கிரம் என்று எதிர்பார்க்கவில்லை. அவர்களுக்குப் படியளந்துகொண்டிருந்த வெளிநாட்டு அறக்கட்டளை, அடுத்த ஆண்டு எந்த வகை போனுக்கு எழுதப் போகிறீர்கள், ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தது. ஒன்றுக்கு மேல் எழுத இரண்டு பேரால் முடியாது என்பது அறக்கட்டளைக்கும் தெரிந்திருந்தது.

ஹெர்மான் பலகையில் எழுதிப் பார்த்தான். ஐபோன் கண் தெரியாதவர்களுக்கு நன்றாகப் பேசும். ஆனால் நாட்டில் எந்தக் கடையிலும் அது கிடைக்கவில்லை. மயாமி போய் வருபவர் யாராவது பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தால்தான் உண்டு. ஆண்ட்ராய்டு போன் தெருவுக்குத் தெரு விற்றது. ஆனால் வெறும் கண்ணாடிப் பரப்பு. அதைப் பேச வைக்கவே பக்கத்தில் கண் தெரிந்த ஒருவர் வேண்டும். மூன்றாவதாகப் பட்டன் போன் என்று எழுதி, அதன்மேல் ஒரு கோடு இழுத்தான். அந்தக் கோட்டை அழி என்று வனினா சொன்னாள். அவன் அழிக்கவில்லை.

பயன்படுத்துகிறவர்களையே கேட்டுவிடலாம் என்றார் ஒராசியோ. கேட்கும் வேலையையும் அவரே எடுத்துக்கொண்டார். மூன்று வாரம், சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினார். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, புள்ளி எழுத்தில் குறித்த தடித்த தாள்களோடு வந்து, மடியில் வைத்து விரலால் தடவித் தடவிப் படித்தார். முந்நூற்று நாற்பது பேர் பேசினார்கள். ஏழு பேர் அதற்குள் ஐபோனுக்கும், பத்தொன்பது பேர் ஆண்ட்ராய்டுக்கும் மாறியிருந்தார்கள், மீதி எல்லோரிடமும் பட்டன் போன். இது கெட்டுப்போனால் அடுத்து என்ன வாங்குவீர்கள் என்றும் கேட்டிருந்தார். மகன் கொடுப்பது, மகள் வேண்டாம் என்று தள்ளுவது, எது கைக்கு வருகிறதோ அது என்று பெரும்பாலானோர் சொல்லியிருந்தார்கள். பதினொரு பேர் அதே பட்டன் போனில் இன்னொன்று வாங்கி அலமாரியில் பத்திரப்படுத்தியிருந்தார்கள். அதை யாரும் கேட்கச் சொல்லவில்லை. அவராகவே கேட்டு எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

ஹெர்மான் இரண்டாம் கேள்வியைப் பிடித்துக்கொண்டான்.

"பிள்ளைங்க தள்ளிவிடறது எல்லாம் ஆண்ட்ராய்டுதான், ஒராசியோ. இன்னும் மூணு வருஷத்துல உங்க கையில இருக்கறது கடையிலயே இருக்காது. அன்னிக்கு உங்களுக்குக் குடுக்க எங்ககிட்ட ஒண்ணும் இல்லாம போயிடக் கூடாது."

ஒராசியோ தாள்களை அடுக்கினார். "மூணு வருஷம் கழிச்சு வர்றவனப் பத்தி நல்லா யோசிக்கறே. நாளைக்குக் காலையில நான் வேலைக்குப் போகணும்."

ஹெர்மான் சொன்னது சரி. வனினாவுக்கும் அது சரி என்று தெரிந்ததுதான் அவளை வருத்தியது. மறுவாரம் ஆண்ட்ராய்டு என்று எழுதி அறக்கட்டளைக்கு அனுப்பினார்கள்.

நவம்பரில் இன்னொரு செய்தி வந்தது. மார்ச் மாதத்திலிருந்து நகரத்தின் பஸ் வழித்தடங்களை மாற்றி அமைக்கப் போகிறார்கள். எந்த நிறுத்தத்தில் எந்த பஸ் நிற்கும் என்ற பட்டியல் முழுவதும் பழைய செயலிக்குள்ளேயே இருந்தது. இணையம் மெதுவாக இருந்த காலத்தில் அப்படிச் செய்வதுதான் புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. மார்ச்சில் அந்தப் பட்டியல் பொய்யாகிவிடும். மாற்றவும் வழியிருக்காது. டிசம்பர் முடிவதற்குள், பட்டியலை வெளியிலிருந்து எடுத்துக்கொள்ளும்படி செயலியைத் திருத்தி ஏற்றிவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம். வனினா கணக்குப் போட்டுப் பார்த்தாள். இரண்டு வார வேலை.

அந்தச் செவ்வாய்க்கிழமையே ஒராசியோவிடம் சொன்னாள். டிசம்பருக்குள் கடைசிப் பதிப்பு ஒன்று வரும், அதை ஏற்றிக்கொண்டால் போதும், போன் இருக்கும்வரை ஓடும் என்றாள். அவர் தலையாட்டினார். அடுத்த சில நாட்களில் பட்டன் போன்காரர்கள் எல்லோரையும் திரும்பக் கூப்பிட்டு, ஒல்லி சொல்லியிருக்கிறாள், பயப்படாதீர்கள் என்று சொல்லிவைத்தார். அது வனினாவுக்குப் பிறகுதான் தெரிந்தது.

டிசம்பர் முதல் வாரம் அறக்கட்டளையிலிருந்து கடிதம் வந்தது. ஆண்ட்ராய்டுச் செயலியின் மாதிரி ஒன்றை இருபதாம் தேதிக்குள் காட்ட வேண்டும், காட்டாதவர்களுக்கு அடுத்த ஆண்டு பணம் கிடையாது. தனியாக முடிக்க முடியாது என்று ஹெர்மான் கையை விரித்தான். அங்கே டிசம்பர் கோடைக்காலம், ஊர் வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தது. பகலில் மின்சாரம் போய்ப் போய் வந்தது. வனினா பழைய செயலியின் திருத்தத்தை இருபதாம் தேதிக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தாள். அறக்கட்டளையிடம் மூன்று நாள் தவணை கேட்டு வாங்கி, மாதிரியை இருபத்து மூன்றாம் தேதிதான் முடித்தார்கள். மிச்சமிருந்த நாட்களில் பாதித் திருத்தம் எழுதினாள். பாதித் திருத்தத்தை ஏற்ற முடியாது. ஜனவரி பிறந்ததும் கதவு சாத்தப்பட்டது.

ஒராசியோவிடம், வேலை கொஞ்சம் இழுத்துவிட்டது, பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னாள். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. பிப்ரவரியில் புதுச் செயலியைச் சோதிக்க ஓர் ஆண்ட்ராய்டு போனை அவரிடம் கொடுத்தார்கள். இரண்டு வாரம் அதோடு மல்லுக்கட்டினார். கண்ணாடியில் விரல் எங்கே நிற்கிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை. பஸ் நேரம் கேட்கப்போய் யாரோ ஒரு பல் டாக்டருக்கு மூன்று முறை போன் போட்டுவிட்டார். மூன்றாம் முறை அந்த டாக்டர் எந்தப் பல் வலிக்கிறது என்று கேட்டாராம். இதைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, போனை மேசையில் வைத்து, வனினா இருந்த பக்கம் மெல்லத் தள்ளினார்.

மார்ச் வந்தது, வழித்தடங்கள் ஒவ்வொன்றாக மாறத் தொடங்கின. வனினா எல்லோருக்கும் ஒரு குறுஞ்செய்தி அனுப்பினாள். சில நிறுத்தங்களில் தகவல் தவறாக இருக்கலாம் என்று எழுதினாள். மூன்றில் ஒரு பங்கு நிறுத்தங்கள் என்று அவளுக்குத் தெரியும். சில என்று எழுதினாள்.

ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் நெலீதா கூப்பிட்டாள். குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் தேவலை என்று வனினாவுக்குத் தோன்றியது. முந்தைய நாள் மாலை மழை. ஒராசியோ வேலை முடிந்து வழக்கமான நிறுத்தத்தில் நின்றிருக்கிறார். அந்த நிறுத்தத்தின் தடங்கள் அன்றுதான் மாறியிருந்தன. செயலி அவருடைய பஸ் இரண்டு நிமிடத்தில் வரும் என்றது. இரண்டு நிமிடத்தில் ஒரு பஸ் வந்தது, ஏறிவிட்டார். இறங்கும் இடத்தைச் சொல்லும் என்று காத்துக்கொண்டிருந்தார். பஸ் வேறு சாலையில் போய்க்கொண்டிருந்ததால் அது சொல்லவே இல்லை. கடைசி நிறுத்தத்தில், ஊருக்கு வெளியே ஒரு செங்கல் சூளைப் பக்கம், டிரைவர் இறங்கச் சொல்லியிருக்கிறார். திரும்பும் பஸ் அங்கேயே வரும் என்று செயலி சொன்னதை நம்பி, கூரையில்லாத இடத்தில் நின்றிருக்கிறார். இரண்டு மணி நேரம். யாரையும் கூப்பிடவில்லை. கடைசியில் அந்தப் பக்கம் வந்த ஒரு லாரிக்காரர் நெலீதாவுக்கு போன் செய்தார். இப்போது நெஞ்சில் சளி, காய்ச்சல்.

வனினா மறுநாளே அவர் வீட்டுக்குப் போனாள். ஒராசியோ சமையலறையில், கம்பளிப் போர்வையைப் போர்த்திக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். காலடிச் சத்தத்திலேயே தெரிந்துகொண்டார்.

"வா, ஒல்லி. உக்காரு. நெலீதா மருந்துக்கடைக்குப் போயிருக்கா."

அவள் உட்கார்ந்தாள். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டாள், அவர் இருமிக் காட்டினார். பிறகு, பஸ் நேரம் அனுப்பும் தங்கள் சர்வரை அணைத்துப் பழைய செயலியை நிறுத்தப் போவதாகச் சொன்னாள். பொய் சொல்லிக்கொண்டு ஓடுவதைவிட நின்றுபோவது நல்லது என்றாள்.

"என்கிட்ட அனுமதி கேக்கறியா?"

"இல்ல. சொல்லிட்டுச் செய்யலாம்னு வந்தேன்."

"சரி." அவர் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஒண்ணு கேக்கறேன். டிசம்பர்ல நேரம் இருந்துச்சா, இல்லையா?"

வேலை இழுத்துவிட்டது என்று இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். அவர் ஏற்றுக்கொண்டிருப்பார்.

"ரெண்டு வாரம் இருந்துச்சு," என்றாள்.

"அந்த ரெண்டு வாரம்?"

"ஆண்ட்ராய்டுக்கு மாதிரி செஞ்சோம். காட்டலைன்னா இந்த வருஷம் நாங்களே இருந்திருக்க மாட்டோம்."

மழைநீர் முற்றத்தில் எதன்மேலோ சொட்டிக்கொண்டிருந்தது.

"நான் முந்நூறு பேருக்கு போன் பண்ணிச் சொன்னேன்மா," என்றார் ஒராசியோ. "என் வாயால சொன்னேன்."

அதில் குற்றச்சாட்டு தொனிக்கவில்லை. ஒரு தகவலைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்பதுபோலச் சொன்னார். மன்னித்துவிடுங்கள் என்று அவள் சொன்னதற்குத் தலையாட்டினார். நெலீதா வந்ததும் வனினா எழுந்துகொண்டாள். வாசல்வரை அவர் வரவில்லை.

அன்று மாலையே செயலியை நிறுத்திவிட நினைத்தாள். அதற்குமுன் பட்டியலை வைத்துக்கொண்டு தானே ஒவ்வொருவரையும் கூப்பிட்டாள். பழைய செயலியை இன்னும் வைத்திருந்த இருநூற்றுத் தொண்ணூறு பேரில் இருநூற்றுப் பதினான்கு பேர் கிடைத்தார்கள். அதற்கு மூன்று நாள் பிடித்தது என்பதால் நிறுத்துவதும் மூன்று நாள் தள்ளிப்போயிற்று. பலர் நன்றி சொன்னார்கள். ஒரு பெண், அலமாரியில் இன்னொரு போன் இருக்கிறதே, அதில் ஓடுமா என்று கேட்டாள். ஓடாது என்று இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. சிலர் ஒராசியோவை விசாரித்தார்கள். அவர்தானே சொன்னார் என்றார் ஒருவர்.

செவ்வாய்க்கிழமைகளில் அவர் வருவது நின்றுபோனது.

புதுச் செயலி ஜூனில் வெளியானது. ஆண்டு முடிவதற்குள் ஒன்பதாயிரம் பேர் ஏற்றிக்கொண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் கண் தெரிந்தவர்கள். பஸ் நேரம் பார்க்க வசதியாக இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். படம் வேண்டும், வரைபடம் வேண்டும் என்று கேட்டார்கள். அறக்கட்டளைக்கு மகிழ்ச்சி. ஹெர்மான் வரைபடம் போட ஆரம்பித்தான். போனைப் பேசவைத்துப் பயன்படுத்துகிற கண் தெரியாதவர்கள் நூற்றுச் சொச்சம் பேர் இருந்தார்கள். அந்த எண் மெதுவாக ஏறியது. அவன் சொன்ன மூன்று வருடம் நிஜமாகவே வந்துகொண்டிருந்தது. ஹெர்மான் தப்பாகச் சொல்லவில்லை என்பதை வனினா யாரிடமும் மறுத்ததில்லை.

அக்டோபரில் அம்மாவின் கண் பரிசோதனைக்கு நேரம் வாங்க ஒராசியோ வேலை பார்த்த மருத்துவமனைக்கு போன் செய்தாள். எடுத்தது ஒரு பெண். ஒராசியோ இல்லையா என்று கேட்டாள். அவர் ஆகஸ்டிலேயே ஓய்வு வாங்கிக்கொண்டு போய்விட்டார், தினமும் கூட்டிவரத் தங்கையால் முடியவில்லையாம் என்றாள் அந்தப் பெண். பிறகு எந்தப் பிரிவு வேண்டும் என்று கேட்டாள். வனினாவுக்கு உடனே நினைவு வரவில்லை. மறுமுனையில் இரண்டாம் முறை கேட்டார்கள்.

ஒராசியோவுக்கு போன் செய்ய வேண்டும் என்று அன்றே நினைத்தாள். அந்த வாரம் செய்யவில்லை. பிறகு, இவ்வளவு நாள் கழித்து என்ன சொல்வது என்று ஆகிவிட்டது.

நவம்பரில் ஹெர்மான் மறுபடி பலகையில் எழுதிக்கொண்டிருந்தான். புது வரைபடம் பழைய ஆண்ட்ராய்டு போன்களில் தடுமாறியது. அவற்றுக்காகத் தனியாக எழுதினால் மாதக்கணக்கில் இழுக்கும். எத்தனை பேர் அந்தப் பழைய போன்களில் இருக்கிறார்கள் என்று எடுத்துப் பார்த்திருந்தான். நூற்றுக்குப் பதினொருவர். அவர்கள் யார் யார் என்று அவன் பார்க்கவில்லை. அவளும் கேட்கவில்லை. மகனோ மகளோ வேண்டாம் என்று தள்ளி, கண் தெரியாதவர்கள் கைக்கு வந்த போன்கள் அவை என்று அவளுக்குத் தெரியும்.

"என்ன சொல்றே, விட்டுடலாமா?" என்று கேட்டான். போன வருடம்போல அவள் சண்டை பிடிப்பாள் என்று அவன் எதிர்பார்த்தது முகத்தில் தெரிந்தது. கையில் பலகை துடைப்பானை எடுத்து வைத்துக்கொண்டிருந்தான்.

வனினா கணினித் திரையிலிருந்து தலையைத் திருப்பாமல், "விட்டுடலாம்," என்றாள்.

அவன் கோடு இழுக்கும் சத்தம் கேட்டது.